சுவரை எப்படிக் கொண்டு வருவது

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். தேவதானப்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் பயனில்லை, ஷட்டர் ஒழுகுகிறது. இடது தோள் முழுக்க நனைந்துபோய்ப் பள்ளிக்கூடம் சேர்ந்தேன்.

14-ஆம் தேதி குழந்தைகள் தினம். பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறோம். ஐந்தாம் வகுப்பின் ஆங்கில புராஜெக்ட் என் தலையில். தலைப்பு: ‘என் வீடு, என் மக்கள்’. ஸ்டேஷனரி கடையில் அச்சடித்த சார்ட் வாங்கி ஒட்டிவிடலாம் என்றார் தலைமை ஆசிரியர் (த.ஆ.). மாநிலத்துக்கு ஒரு ஜோடி, வேட்டியும் சேலையும் தலைப்பாகையுமாக நிற்குமே, அது. மாட்டேன் என்றேன். போன வருடம் அதைத்தான் ஒட்டினோம். விருந்தாளி ஒருவர் கேள்வி கேட்டதும் ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை, எல்லாம் என் முகத்தையே பார்த்தன.

கரும்பலகையில் எழுதிப் போட்டவை:
– கடைச் சார்ட் கூடாது.
– வீட்டிலிருந்து ஒரு பொருள்.
– அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம். தப்பாக இருக்கலாம், சொந்தமாக இருக்க வேண்டும்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “எங்க வீட்ல கல்ச்சர்லாம் இல்ல டீச்சர். டிவி மட்டும்தேன் இருக்கு.” சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தேன்.

மதியம் தென்னைநார் மில் மேஸ்திரி த.ஆ.வைப் பார்க்க வந்தார். சுனிதா விஷயம். ஜார்க்கண்ட் பிள்ளை. ஜூனில் என் வகுப்பில் சேர்ந்தது. அப்பா அந்த மில்லில் வேலை. 17-ஆம் தேதியிலிருந்து அம்மாவும் போகிறாளாம். தம்பி முன்னாவுக்கு இரண்டு வயது. அவனை யார் பார்ப்பது?

“இந்தப் புள்ள இங்கன வந்து இன்னும் ஒரு வார்த்த பேசல. சும்மா உக்காந்திருக்கதுக்கு வீட்ல தம்பியவாச்சும் பாத்துக்கிரட்டும்னு அவுக ஆத்தா சொல்றாக” என்றார் மேஸ்திரி. த.ஆ. தலையாட்டிவிட்டார்.

“பதினாலாம் தேதி வரைக்கும் விடுங்க. எல்லாரு முன்னாடியும் இந்தப் புள்ள இங்கிலீஷ்ல பேசும். அதுக்கப்புறம் நிப்பாட்டுறதப் பத்திப் பேசுவோம்” என்றேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டே போனார்.

வாயைக் கொடுத்தாயிற்று. இனிப் பேச வைத்தே ஆக வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

பொருட்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகும் அம்மாவின் இடுப்புச் சாக்கு. வீரபாண்டித் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுத்தபோது பிடித்த வேப்பிலைக் கொத்து, காய்ந்து நொறுங்கிப்போய். ஒரு பயல் டிவி ரிமோட்டைக் கொண்டு வந்துவிட்டான். ஐந்து வாக்கியம் சொல்லு பார்ப்போம் என்றேன், ஏழு சொன்னான். விட்டுவிட்டேன்.

நந்தினி கொண்டு வந்தது கன்றுக்குட்டி மணி. அவள் அம்மா ஊர் கம்பம், வீட்டில் பேசுவது கன்னடம். தைப்பொங்கலன்று பிறக்கிற கன்றை விற்க மாட்டார்களாம், கோயில் தொழுவுக்கு விட்டுவிடுவார்களாம். “தட் கௌ இஸ் நாட் அவர் கௌ. தட் கௌ இஸ் காட்ஸ் கௌ.” இதை எந்த சார்ட்டில் அச்சடிப்பார்கள்?

‘கௌ’ என்றதும் சுனிதா நிமிர்ந்தாள். மணியை வாங்கி ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். பேச்சு இல்லை.

போனைப் பார்த்துப் பார்த்து ஹிந்தியில் கேட்டேன், வீட்டில் என்ன இருக்கிறது என்று. தலையை ஆட்டிவிட்டு நோட்டில் ஆங்கில எழுத்தில் ‘கோர்த்தா’ என்று எழுதிக் காட்டினாள். வீட்டு மொழி அதுவாம். அப்படி ஒரு மொழி இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். ஐந்து மாதமாக எல்லாரும் ‘ஹிந்திக்காரப் புள்ள’ என்கிறோம்.

நவம்பர் 5, புதன்

மறுபடி மழை. தலைவலி.

முதல் பீரியடில் ஒரே கூச்சல். “டீச்சர், சுனிதா மண்ணு திங்குது.” அவள் டப்பாவைத் திறந்து பார்த்தேன். வெள்ளையாகச் சில கட்டி, சிவப்பாக ஒரு கட்டி. மண்ணேதான். ரத்தம் குறைந்த பிள்ளைகள் மண் தின்பதுண்டு, போன வருடம்கூட ஒன்றுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தோம். சத்துணவு சமைக்கும் பேச்சியக்காவைக் கூப்பிட்டு, அதை வெளியே கொட்டச் சொன்னேன். அவர் முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவியும் கொடுத்தார்.

சுனிதா அழவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்தவள் கடைசி மணி வரை எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வாங்க வேண்டியது: தேங்காய், ரீஃபில், பூச்சி மாத்திரை.

நவம்பர் 6, வியாழன்

சுனிதா வரவில்லை.

இடைவேளையில் நந்தினி என்னிடம் வந்தாள். “டீச்சர், அது திங்கிற மண்ணு இல்ல.” சுனிதா மறந்து வைத்துவிட்டுப் போன ரஃப் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். ஒரு வீடு. அதன் சுவர் முழுக்க ஒரு மாடு, வயிற்றுக்குள் கோடு கோடாக. முதுகில் பறவை, கொம்பிலிருந்து செடி. “செவுத்துல போடுவாகளாம். அந்த மண்ண வச்சு. நேத்து மணியடிச்சப்புறம் கையால காமிச்சுச்சு.”

பேச்சியக்காவையும் இழுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்கு ஓடினேன். ராத்திரி மழையில் எல்லாம் கரைந்து ஓடியிருந்தது. வேருக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெள்ளைக் கறை. பேச்சியக்கா, “நீங்க சொல்லித்தான கொட்டுனேன்” என்றார். ஆமாம், நான் சொல்லித்தான்.

சாயங்காலம் மில் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போனேன். சுனிதாவின் அம்மா முன்னாவை மடியில் வைத்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். பல வருடம் இவர்களோடு வேலை பார்த்ததில் மேஸ்திரிக்கு ஹிந்தி வரும், அவர்தான் எடுத்துச் சொன்னார். தீபாவளிக்கு மறுநாள் அங்கே மாட்டுக்குப் பண்டிகை. வீட்டுச் சுவரில் பெண்கள்தான் வரைவார்கள். ஊரிலிருந்து வரும்போதே அம்மா அந்த மண்ணை மூட்டைக்குள் வைத்து ரயிலில் கொண்டு வந்திருக்கிறாள். லைன் வீட்டுச் சுவரில் ஒரு கோடு விழக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டாராம். பண்டிகை போய்விட்டது. மண் தகர டப்பாவிலேயே கிடந்தது.

வீட்டிலிருந்து ஒரு பொருள் என்று நான்தான் எழுதிப் போட்டேன். சுவரை எப்படிக் கொண்டு வருவாள்? மண்ணைக் கொண்டு வந்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். அம்மா திட்டவில்லை. டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை. சுனிதா கதவுக்குப் பின்னால் நின்றாள், என் பக்கம் திரும்பவே இல்லை. “நாளைக்கு வா, சுவர் தர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்னிடம் ஏது சுவர்?

நவம்பர் 7, வெள்ளி

சுனிதா வந்தாள். பேச்சு இல்லை. ஆனால் வந்தாள்.

த.ஆ.விடம் போய்ச் சுவர் கேட்டேன். “இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு டீச்சர், அதுல மண்ணப் பூசவா?” வேண்டுமென்றால் கக்கூஸ் பின்சுவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தெய்வத்துக்கு நேர்ந்த மாட்டை அங்கே வரைய முடியாது என்றேன். அப்படி நேர்ந்தது நந்தினியின் மாடுதான், சுனிதாவின் மாடு இல்லை. கோபத்தில் வந்துவிட்டது. கடைசியில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சியக்கா சொன்னார்: “என் அடுப்படிச் செவுரு வெளிப்பக்கம் சும்மாதான கெடக்கு. அங்கன போடட்டும்.”

“அசிங்கமாப் போனா உங்க செலவுல வெள்ளையடிச்சுத் தரணும்” என்றார் த.ஆ. சரி என்றேன். சுவர் கிடைத்துவிட்டது.

நவம்பர் 8, சனி

விடுமுறை. பெரியகுளத்தில் நாட்டுமருந்துக் கடை. அந்த வெள்ளை மண்ணுக்கு எங்கே போவது என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை சாம்பிராணி வாங்கப் போன இடத்தில் கண்ணாடி ஜாடியில் இருந்தது, நாமக்கட்டி. சின்ன வயதிலிருந்து பார்க்கிற சாமான். இருந்த அத்தனையும் கொடுங்கள் என்றேன். காவிக்கட்டியும். கடைக்காரர், “வீட்ல பெருமாளுக்கு விசேசமா?” என்றார். மாட்டுக்கு என்றேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நீ டீச்சரா, மண்ணு யாவாரியா?” என்றார். ஆனாலும் வண்டியில் மில் வரை கொண்டு வந்து விட்டார்.

சுனிதாவின் அம்மா நாமக்கட்டியை உடைத்து, உள்ளங்கையில் நீர் விட்டுக் குழைத்து, முன்கையில் ஒரு கோடு இழுத்தாள். அது காயும் வரை மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். காய்ந்ததும் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். உதிரவில்லை. சிரித்தாள். சுனிதா என்னைப் பார்த்து, “குட்” என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

சுவர் கிடைத்தது, மண் கிடைத்தது. முன்னா?

நம் வளாகத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. எனக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். அங்கன்வாடி டீச்சர் இழுத்தார். “அவுக நாலு மாசத்துல வேற மில்லுக்குப் போயிருவாக. அப்புறம் நாந்தேன் பதில் சொல்லணும்.” நானும் விடவில்லை. அவர் சோறு வடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். “சரி, அவுக ஆத்தா வந்து விடட்டும், சேத்துக்கிறேன்” என்றார்.

மேஸ்திரியிடம் சொல்லியனுப்பினேன். பதில்: பழகாத இடம், பையன் அழுவான், பார்க்கலாம். எனக்குப் பார்க்கலாம் என்ற சொல்லே ஆகாது.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை, நல்லவேளை. பால் பாக்கிக்கு ஆள் வந்து போனானாம்.

சுனிதாவின் அம்மா மதியம் வந்தாள், முன்னா இடுப்பில். அடிப்பூச்சுக்கு நம் ஊர்ச் செம்மண். கறுப்புக்குப் பேச்சியக்காவின் அடுப்புக்கரி. பிரஷ் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். வேப்பங்குச்சியை ஒடித்து, நுனியை மென்று, அதையே பிரஷ்ஷாக்கினாள். பார்த்த வகுப்பு மொத்தமும் வேப்பங்குச்சி மெல்ல ஆரம்பித்து, கசப்பில் துப்பித் துப்பி வாசலே நாறிவிட்டது. திட்டினேன். நானும் ஒன்று மென்றேன்.

அம்மா முதுகுக்கோட்டை இழுத்தாள். வயிற்றுக்குள் இருக்கும் கோடுகள் சுனிதாவுக்கு. நந்தினிக்குக் கொம்பு கொடுத்தார்கள். முன்னா சுவரின் அடியில் கையை முக்கி ஒரு அப்பு அப்பினான், அதை அழிக்காமல் விட்டுவிட்டார்கள்.

த.ஆ. வந்து நின்றார். “இது மாடா, மானா?” சுனிதா திரும்பாமலே, “கௌ” என்றாள். த.ஆ.வுக்கு அவள் கொடுத்த முதல் பதில்.

நவம்பர் 13, வியாழன்

வாக்கியங்கள். நான் சொல்லித் தரவில்லை. அவள் சுவரில் தொட்டுத் தொட்டுக் காட்டினாள், நான் வார்த்தையைக் கொடுத்தேன், அவளே கோத்தாள். நான்கு தேறியது. ஐந்தாவது வேண்டும் என்றேன். யோசிக்கிறாள்.

அஜீரணம், மத்தியானம் முட்டை இரண்டு.

நவம்பர் 14, வெள்ளி

முடிந்தது. கால் வலிக்கிறது. வரிசையாக எழுத முடியவில்லை.

ஏலக்காய்ச் சாக்குப் பிள்ளை நன்றாகச் சொன்னது, அவுக அம்மா மலைக்குப் போகாமல் வந்திருந்தார். ரிமோட் பயலுக்குத்தான் கைதட்டல் அதிகம். நந்தினி மணியை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

பிறகு எல்லாரையும் அடுப்படிப் பக்கம் கூட்டிப் போனோம். சுனிதா கூட்டத்தைப் பார்த்ததும் உறைந்துவிட்டாள். நின்றாள், நின்றாள். யாரோ ஒருத்தி, “பாவம், அதுக்கு வராது, விட்ருங்க” என்றாள். எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். த.ஆ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சுனிதா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மாட்டின் மேல் விரலை வைத்தாள். மாட்டிடம் பேசினாள்.

“திஸ் இஸ் மை மதர் கௌ. எவ்ரி இயர் வி மேக். திஸ் இயர் நோ வால். டீச்சர் கிவ் வால்.”

நான்கு. விரல் கீழே இறங்கி முன்னாவின் கை பதிந்த இடத்தில் நின்றது. “ரெயின் கம், இட் கோ. அகெய்ன் மேக்.”

ஐந்துக்கு மேலேயே வந்துவிட்டது. அதற்கு மேல் நான் எண்ணவில்லை, அழுதுகொண்டிருந்தேன். அவள் அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். த.ஆ. என்னிடம் வந்து, “கிவ் இல்ல, கிவ்ஸ்னு வரணும்ல?” என்றார். வரும் என்றேன்.

போகும்போது மேஸ்திரியிடம் கேட்டேன், திங்கட்கிழமை சுனிதாவை அனுப்புகிறார்களா என்று. “நல்லாத்தேன் பேசுச்சு டீச்சர். ஆனா வேலை வேலைதான? பாக்கலாம்.”

நவம்பர் 16, ஞாயிறு

நேற்றும் இன்றும் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. மஞ்சளாற்றில் தண்ணீர் அதிகமாம். அந்தச் சுவருக்கு மேல் கூரை ஒரு சாண்கூட நீளாது. இட்லி மாவு புளிக்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார், “யாரையோ எதிர்பாக்குற மாதிரி இருக்கியே?” ஆமாம்.

நவம்பர் 17, திங்கள்

மழை விட்டிருந்தது. நேராக அடுப்படிச் சுவருக்குப் போனேன். மாட்டுக்கு முதுகும் கொம்பும் மிச்சம். வயிறு சிவப்பாக வழிந்து தரையில் ஓடிவிட்டது. முன்னாவின் கையைக் காணோம்.

பிரேயர் முடிந்தது. சுனிதா இடம் காலி. வருகைப் பதிவில் அவள் பெயரில் மட்டும் குறி போடாமல் வைத்திருந்தேன். முதல் பீரியட் பாதியில் வெளியே ஒரே அலறல். எட்டிப் பார்த்தேன். அங்கன்வாடி வாசலில் முன்னா தரையில் புரண்டு அழுகிறான், அங்கன்வாடி டீச்சர் அவனை அள்ளித் தூக்குகிறார். சுனிதாவின் அம்மா திரும்பிப் பார்க்காமல் மில் பக்கம் வேகமாக நடக்கிறாள்.

சுனிதா புத்தகப் பையோடு சுவருக்கு முன்னால் நின்றாள். ஓடினேன். கவலைப்படாதே என்று ஆங்கிலத்தில் எப்படி எளிதாகச் சொல்வது என்று வழியெல்லாம் தேடிக்கொண்டே ஓடினேன். அவள் அதற்குள் வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள்.

“டீச்சர், மண்ணு எங்கன இருக்கு?”