கடைசி பெஞ்ச்

ஜூலை 11, வெள்ளி

எங்கள் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சியின் கடைசி நாள். ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். மற்ற பேராசிரியர்கள் மாணவர்களாக உட்காருவார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக் கோரைப் புல்லின் படத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினால், கடைசி பெஞ்சில் ஒரு தலை போனுக்குள் குனிந்திருக்கிறது. பழக்கதோஷம், கத்திவிட்டேன்.

"லாஸ்ட் பெஞ்ச், எந்திரி! போன்ல என்ன? தண்ணிக்குள்ள இருக்கிற வேருக்குக் காத்து எப்படிக் கிடைக்குது?"

எழுந்தவர் எங்கள் முதல்வர். வணிகவியல்காரர். என் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டியவரும் அவர்தான்.

"தெரியல மேடம்."

பதற்றத்தில் உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன். பாடம் முடியும்வரை அவரும் நின்றுகொண்டே இருந்தார்.

சாயங்காலம், எப்போதும் காரில் போகிறவர், தாம்பரம் போகும் காலேஜ் பஸ்ஸில் ஏறி என் சீட்டருகே வந்து நின்றார்.

"மேடம், காலைல கேட்டீங்கல்ல, யோசிச்சேன். தண்ணி வத்தும்போது காத்து உள்ள போயிடும். சரியா?"

கண்ணில் சிரிப்பு. அப்பாடா என்றிருந்தது. பதில் என்னவோ தப்பு. காற்று தண்டு வழியாக வேருக்கு இறங்குகிறது. திருத்த மனம் வரவில்லை.

"கரெக்ட் சார்," என்றேன். "உட்காருங்க."