ஏரியின் நிறம்

12 பிப்ரவரி 1986

மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் இன்று வரலாற்றுச் சிறப்புள்ள முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. ‘ருமேனியா: அறிய வேண்டிய செய்திகள்’ என்ற எங்கள் சிற்றேட்டில் வால்ச்செல் ஏரியின் நிறம் நீலம் என்றே அச்சாகும். ஒன்பது பேர் கோட்டைக் கழற்றாமல் (அறையில் பன்னிரண்டு டிகிரி) இரண்டு மணி நேரம் விவாதித்தோம். பச்சைக்கு மூன்று வாக்குகள் இருந்தன. அலுவலகத் தலைவி தோழர் முஸ்கலு நீலம் என்றதும் அந்த மூன்றும் நீலமாயின.

ஏரி என்பது செம்புச் சுரங்கம் பள்ளத்தாக்கில் கொட்டும் கழிவுச் சேறு. அது துருப்பிடித்த சிவப்பு. சிவப்புக்கு யாரும் வாக்களிக்கவில்லை. நானும்தான்.

16 பிப்ரவரி, ஞாயிறு

பேருந்தில் வால்ச்செல் போனேன். நான் இருபது ஆண்டுகள் புவியியல் நடத்திய பள்ளியில் சேறு ஜன்னல்வரை ஏறிவிட்டது. மேட்டில் தேவாலயம். அதன் பின்னால் என் மனைவி வெதூரியா.

அக்டோபர் 14 வந்தால் அவளைப் புதைத்து ஏழு ஆண்டுகள். அன்று குழியைத் திறந்து, எலும்புகளை ஒயினில் கழுவி, புதுத் துணியில் சுற்றி, பாதிரியார் செபம் சொல்ல மறுபடி புதைக்க வேண்டும். அதற்குமுன் மண்ணைத் தொடக் கூடாது.

சுரங்க அலுவலகம் கல்லறைகளை மலைமேல் மாற்றித் தருகிறது. மே 31க்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தில் ‘இறந்தவரின் தற்போதைய முகவரி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது.

அவள் அண்ணன் நிக்கோதிமிடம் படிவத்தைக் காட்டினேன். ஊரில் மிஞ்சியிருக்கும் ஆறு வீடுகளில் ஒன்று அவனுடையது. பிளம் சாராயத்தை ஊற்றிக்கொண்டே சொன்னான்: “பாதித் தூக்கத்துல எழுப்பினா அவ எப்படி இருப்பான்னு உனக்குத் தெரியாதா மாப்பிள்ளை?”

தெரியும். முப்பது ஆண்டுகளில் ஒரே ஒருமுறை எழுப்பியிருக்கிறேன்.

2 மார்ச்

கணக்குப் போட்டேன். சேறு மாதத்துக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. கல்லறைத் தோட்டத்தின் சுவர் அதற்குப் பதினோரு மீட்டர் மேலே. ஜனவரிக்கு முன் வராது. புவியியல் கடைசியில் ஒரு காரியத்துக்கு உதவியது.

9 ஏப்ரல்

சிற்றேடு வளர்கிறது. வெளிச்சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய மடங்கள், கரடிகள், டான்யூப் கழிமுகத்தின் பெலிக்கன்கள். வடக்கே ஓர் ஊரில் கல்லறைச் சிலுவைகளுக்கு நீல வண்ணம் அடித்து, இறந்தவரைக் கிண்டல் செய்து பாட்டு எழுதிவைக்கிறார்கள் என்பதையும் சேர்த்தேன். “நம் மக்கள் மரணத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள்” என்று முடித்திருந்தேன். தோழர் முஸ்கலு அந்த வரியின் கீழ் கோடிட்டு ‘மிக நன்று’ என்று எழுதினார்.

31 மே

படிவம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஐந்து மணிக்குச் சுரங்க அலுவலகத்தின் கதவைப் பூட்டினார்கள். எதிர் நடைபாதையில் நின்று பார்த்தேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இல்லையென்றால் படிவத்தை ஏன் கொடுக்கவில்லை? — அவளுக்கு இருந்தது.

19 ஜூன்

நான்கு நாளாக மழை.

21 ஜூன்

நிக்கோதிம் பக்கத்து ஊர் அஞ்சலகத்திலிருந்து தொலைபேசியில் பேசினான். சுரங்கக் கழிவைத் தேக்கும் மேல் அணை உடைந்துவிட்டதாம். ஒரே நாளில் பன்னிரண்டு மீட்டர்.

“சிலுவையோட தலை மட்டும் தெரியுது” என்றான். “நான் சாராயத்துல ஒளறினேன். நீ படிச்சவன்தானேடா. கையெழுத்துப் போட்டிருக்கலாமே.”

போட்டிருக்கலாம். ஒரு கையெழுத்து. பேனா பையிலதான இருந்துச்சு. மாசத்துக்கு ஒரு மீட்டராம் — மழையை யாரு கணக்குல சேக்கறது? பசங்களுக்கு இருபது வருஷம் அதத்தான சொல்லிக்குடுத்தேன்.

23 ஜூன்

தலையும் தெரியவில்லை என்று தந்தி.

8 ஜூலை

தலைநகரிலிருந்து புகைப்படக்காரர் வந்தார். சேற்றிலிருந்து தேவாலயக் கோபுரம் மட்டும் நிமிர்ந்து நிற்கும் படத்தை மேசையில் வைத்தார். தோழர் முஸ்கலு அதை ஜன்னலருகே எடுத்துப்போய்ப் பார்த்தார்.

“அழகா இருக்கு தோழர் த்ரிஃபான். உங்க ஊர்ப்பக்கம்தானே? கீழ ரெண்டு வரி நீங்களே எழுதுங்க. உங்களுக்குத்தான் அந்த இடம் பழக்கம்.”

எழுதினேன். ‘அமைதியைத் தேடுவோர் தவறவிடக் கூடாத இடம்.’ திருத்தம் இல்லாமல் ஏற்கப்பட்டது.

14 அக்டோபர்

விடுப்பு எடுத்துக்கொண்டு வால்ச்செல் போனேன். நிக்கோதிம் ஒரு புட்டி ஒயினும் புதுத் துணியும் வேகவைத்த இனிப்புக் கோதுமையும் கொண்டுவந்திருந்தான். கரையில் உட்கார்ந்து கோதுமையைச் சாப்பிட்டோம். அவள் இருக்கும் இடம் கோபுரத்துக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. புட்டியைத் திறக்காமல் அவன் வீட்டுக்கு எடுத்துப் போனான்.

மாலை அலுவலகத்துக்குச் சிற்றேடு வந்திருந்தது. ஐயாயிரம் பிரதிகள். வால்ச்செல் ஏழாம் பக்கத்தில். ஏரி நீலமாக இருக்கிறது.