பதினாறாம் நாள் பெட்டி

ஜூன் 24, 2024

திண்டிவனம் பஸ்ஸில் இன்று உட்கார இடம் கிடைத்தது. அதோடு இன்றைய நல்லது முடிந்தது.

விழுப்புரம் ஆபீஸில் கம்ப்யூட்டரைத் திறந்தால், ஒன்பது வருடமாக நான் தட்டிக்கொண்டிருந்த பக்கத்தைக் காணோம். முன்பு ஒரே வெள்ளைத் தாள். மேலே பட்டன் வரிசை, கீழே நான். இப்போது எல்லாம் பெட்டி பெட்டியாக. ஒரு பத்தி ஒரு பெட்டி, படம் ஒரு பெட்டி, ஒரு பெயருக்கு ஒரு பெட்டி. எண்டர் தட்டினால் இன்னொன்று முளைக்கிறது. பட்டன்கள் மௌஸ் போன இடத்தில் வருகின்றன, கையை எடுத்தால் ஓடிவிடுகின்றன.

எங்கள் செய்தி இணையதளத்தின் முதலாளி நெடுஞ்செழியன் சார் பின்னால் வந்து நின்றார். "பழைய எடிட்டர் சாப்ட்வேர் அவ்ளோதான் புனிதா. ஜூலை முடியறதுக்குள்ள பழகிக்கங்க. இல்லன்னா அஞ்சலிப் பக்கத்த சித்ராகிட்ட குடுத்துடறேன்."

சித்ரா செய்திப் பக்கத்தைப் பார்க்கிறவள், வானூரிலிருந்து வருகிறாள், சின்ன வயது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மரண அறிவிப்புப் பக்கம் போனால் இந்த ஆபீஸில் எனக்கு வேறு நாற்காலி கிடையாது. மகள் காலேஜ் இரண்டாம் வருடம். நாற்பத்து நாலு வயதில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

ஜூன் 25

ஒரு அறிவிப்புக்கு நாற்பது நிமிடம். முன்பு ஆறு.

ஜூன் 28

செஞ்சி ரோடு குடும்பம் ஒன்று போனில் பிடித்துக்கொண்டது. இறந்தவருடைய படம் கீழே போய், வருந்தும் பேரப்பிள்ளைகளின் பெயருக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது. "இன்னாங்க இது, எங்கப்பாவ கடைசில தள்ளி வெச்சிருக்கீங்க?" மன்னிப்புக் கேட்டேன். மேலே இழுத்தால் படம் வருகிறது, பெயர் பிய்த்துக்கொண்டு போகிறது. சனியன்.

ஜூலை 3

என் வேலை முறையே தப்பு என்கிறாள் சித்ரா. நேற்றைய அறிவிப்பை நகல் எடு, பெயரை மாற்று, தேதியை மாற்று, வெளியிடு. ஒன்பது வருடம் இதைத்தானே செய்தேன்? குடும்பத்துக்கு போன் போட்டு ஒவ்வொரு பெயரையும் வாசித்துக் காட்டுவேன், அது ஒன்றுதான் என் சொந்தச் சரக்கு.

"ஒரே மாதிரி வர்ற பெட்டிய ஒரு தபா சேவ் பண்ணிக்கினு, எங்க வேணா போட்டுக்கலாங்கா. ஈஸி." சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். தலையாட்டினேன். பாதிதான் புரிந்தது. இன்னொரு தடவை கேட்க வெட்கம்.

ஜூலை 9

இன்று சேமித்துப் பார்த்தேன்.

கருமாதி அறிவிப்புகளில் கடைசிப் பெட்டி எல்லோருக்கும் ஒன்றுதான். 'பதினாறாம் நாள் காரியம் இன்ன தேதி காலை 9 மணியளவில் அன்னாரது இல்லத்தில் நடைபெறும். உற்றார் உறவினர் கலந்துகொள்ள வேண்டுகிறோம்.' தேதியைத் தவிர எதுவும் மாறாது. இடம்கூட எப்போதும் அன்னாரது இல்லம்தான்.

ஒலக்கூர் பக்கத்து விவசாயி விருத்தாசலத்துக்கு முதலில் போட்டேன். ஜூலை 14. அவர் மகன் மணிமாறனுக்கு போனில் எல்லாம் வாசித்துக் காட்டினேன். "லிங்க் அனுப்பிருங்க, சொந்தக்காரங்களுக்கு அதையே போட்டுடறேன்" என்றார். பிறகு அதே பெட்டியை எடுத்து வானூர்க் காரியம் ஒன்று, திண்டிவனத்துக் காரியங்கள் இரண்டு. எல்லாம் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான், தேதியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். பிழைத்துக்கொள்வேன் போல.

ஜூலை 11

கண்டாச்சிபுரத்து அறிவிப்பு. சேமித்து வைத்த அதே பெட்டியைப் போட்டு, 14-ஐ 17 ஆக்கினேன். சேமிக்கும்போது இங்கிலீஷில் ஏதோ கேட்டது. இது ஒரு நாளைக்கு முப்பது கேள்வி கேட்கிறது, யார் படிப்பது? ஆமாம் என்று அழுத்திவிட்டேன். எட்டு நிமிடம். "பரவால்லியே" என்றார் சார். வெகு நாளைக்குப் பிறகு மதியச் சாப்பாடு ருசியாக இருந்தது.

ஜூலை 13

வானூரிலிருந்து போன். "எங்கப்பாவுக்கு நாளைக்குக் காரியம். பதினேழுன்னு போட்டு வெச்சிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

திறந்து பார்த்தேன். வானூர் 17. திண்டிவனம் இரண்டும் 17. ஒலக்கூர் 17.

ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறுமாம். அதுதான் அந்தப் பெட்டியின் குணமாம். சித்ரா சொல்கிறாள், "மொதல்ல தனியாப் பிரிச்சிட்டு மாத்தணும்கா, நான் சொல்லலியா?" சொல்லியிருப்பாள். என் மண்டையில் ஏறவில்லை.

அரை மணியில் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிசெய்தேன். குடும்பங்களைக் கூப்பிட்டேன். ஒலக்கூரில் மட்டும் எடுக்கவில்லை. இரண்டு தடவை அடித்தேன், சாவு வீடு, எங்கே எடுப்பார்கள் என்று விட்டுவிட்டேன். சாரிடம் சொன்னேன். "சரி பண்ணிட்டீங்கல்ல? வெளிய மூச்சு விடாதீங்க."

ரெண்டு நாள் தப்பாக் கெடந்திருக்கு. ரெண்டு நாள்ல யார் பாத்திருக்கப் போறாங்க? பாத்திருக்க மாட்டாங்க. மாட்டாங்க இல்ல?

ஜூலை 18

பார்த்திருக்கிறார்.

மதியம் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், தோளில் பை. சீனுவாசன் என்று பெயர் சொன்னார். ஒலக்கூர் விருத்தாசலத்தின் மைத்துனர், அதாவது விதவையான சின்னபொண்ணு அம்மாளின் தம்பி. சூரத்தில் மில் வேலை.

"பன்னெண்டாந்தேதி ரயிலுக்குக் கெளம்பி நிக்கறேன் சார். மணி எத்தினிக்கின்னு பாக்கலாம்னு லிங்க்கைத் தொறந்தா பதினேழுன்னு கீது. தள்ளி வெச்சிட்டாங்கன்னு நெனச்சி டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். மூணு தபா போன் பண்ணேன், யாரும் எடுக்கல. பதினாறு காலைல வந்து எறங்கறேன், எல்லாம் முடிஞ்சிபோச்சி."

பையிலிருந்து போனை எடுத்தார். "இப்போ பாத்தா பதினாலுன்னு கீது. அக்கா மவன் இத்தக் காட்டி, வர இஷ்டமில்லன்னு சொல்லேன் மாமா, ஏன் பொய் சொல்றங்கறான். பொறந்த வூட்டுக் கோடி போட ஆளில்லாம எங்கக்கா ஒக்காந்திருந்துச்சாம். பக்கத்து வூட்டுக்காரங்க யாரோ ஒரு சேலையக் குடுத்தாங்களாம். நான் வாங்கினு வந்தது இதோ பையிலயே கீது."

எனக்குத் தெரியாததா? எங்கள் சனத்திலும் உண்டு. அப்பா போனபோது என் தாய்மாமன் கோடிப் புடவையை அம்மாவின் தோளில் போட்டார். அதற்குப் பிறகுதான் அம்மா வாய்விட்டு அழுதாள். கூடப் பிறந்தவன் கையால் அது வராவிட்டால், உனக்கென்று யாரும் இல்லை என்று ஊர் நடுவே சொன்ன மாதிரி.

"கேஸெல்லாம் போட மாட்டேன் சார். உங்க ஆபீஸ் லெட்டர்பேடுல ஒரு வரி எழுதிக் குடுங்க. பன்னெண்டாந்தேதி பதினேழுன்னு இருந்துச்சின்னு. அது போதும்."

சார் சிரித்த முகத்தோடு சொன்னார், "எங்க சைட்டுல அப்படி நடக்க வாய்ப்பே இல்லீங்க. நீங்க வேற எதையாவது பாத்திருப்பீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "இல்ல புனிதா?"

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். ஒரு வரிதான் கேட்டார்.

"ஆமாம் சார்" என்றேன்.

ஜூலை 19

நீ மனுஷியாடி?

ஜூலை 20

பழைய திருத்தங்களை இந்த எடிட்டர் பத்திரமாக வைத்திருக்கிறது. இன்று கண்டுபிடித்தேன். ஜூலை 11, காலை 11.42, மாற்றியவர் புனிதா. இடது பக்கம் 14, வலது பக்கம் 17. இதை ஒரு பிரிண்ட் எடுத்து ஒலக்கூருக்கு அனுப்பினால் போதும். பிரிண்டர் என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

எடுக்கவில்லை. காலேஜ் பீஸ், வீட்டு வாடகை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் நிஜக் காரணங்கள்தான்.

ஜூலை 24

மணிமாறன் எண்ணுக்கு அடித்தேன். எடுத்துவிட்டார். "யாருங்க?" என்றார். வைத்துவிட்டேன்.

ஜூலை 31

"புது எடிட்டரக் கெட்டியாப் புடிச்சிட்டீங்களே. அஞ்சலி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் சார். எல்லோருக்கும் டீ சொன்னார். குடித்தேன்.

ஜூன் 24, 2025

மணிமாறன் போன் செய்தார். அவர் அப்பாவுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போட வேண்டுமாம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, எத்தனையோ ஆபீஸ் குரல்களில் ஒன்று. போன வருடத்து அறிவிப்பைத் திறந்து, வழக்கம்போல் பெயர்களை வாசித்துக் காட்டினேன். மனைவி சின்னபொண்ணு. மகன் மணிமாறன். மைத்துனர் சீனுவாசன்.

"அந்தப் பேரு வேணாங்க. எடுத்துருங்க. போக்குவரத்து இல்ல."

பேசாமல் எடுத்திருக்கலாம். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்கம்மாதாங்க எடுக்கச் சொல்லிச்சி."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "சரிங்க" என்று வந்தது.

அந்தப் பெயர் தனிப் பெட்டி. தேர்ந்தெடுத்து நீக்கினேன். கீழே இருந்த பேரன் பேத்திகள் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டார்கள். வெளியிட்டேன்.