கல்தரையில் ஆறு பாத்திகள்

நாள் 212, காலை 08:10
கூடாரத்தில் காற்றழுத்தம் சரி. பதிவது அங்கயற்கண்ணி, தாவரவியலாளர், செவ்வாய் நிலையத்தில் தனி ஆள். தரை உருக்கி வார்த்த கல்; மண்வெட்டி போட்டால் மண்வெட்டிதான் வளையும். அதனால் சரக்குப் பெட்டிப் பலகைகளை அடித்து, முழங்கால் உயரத்தில் ஆறு பாத்திகள் கட்டிவிட்டேன். அடியில் சரளைக்கல், மேலே உரம் கலந்த மண். தட்டைப்பயறு, கீரை விதைத்தாயிற்று. கப்பல் வர 160 நாள். கையிருப்பு உணவு 90 நாளுக்கு. மிச்ச நாளுக்கு இந்தப் பாத்திகள்தான் சோறு போட வேண்டும்.

நாள் 219, 11:40
தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது. அடிப்பலகையில் துளை போட வேண்டும். துளைக்கருவியை எடுத்தபோது, நேற்றைய என் அறிக்கையைப் பார்த்துப் பூமியிலிருந்து செய்தி. இந்தத் தரையை வடிவமைத்த பொறியாளர் ஜெபசிங். "வணக்கம்மா. பாத்திக்கு அடியில ஓட்டை மட்டும் போட்டுராதீங்க..." ஒன்பதாவது வினாடியில் நிறுத்திவிட்டேன். அவருடைய அருமைத் தரையில் கறை படியக்கூடாதாம். ஒரு தொட்டிச்செடிகூட வளர்த்திருக்க மாட்டார், எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார். போன மாதம் வாளியை எங்கே வைப்பது என்று ஐந்து நிமிடம் பேசிய அதே மேதை.
பாத்திக்கு எட்டுத் துளை போட்டேன். அருமையாக வடிகிறது.

நாள் 231, 09:05
முதல் கீரை பறித்தேன். ஜெபசிங்கிடமிருந்து மேலும் மூன்று செய்திகள். திறக்கவில்லை. கீரையின் படத்தை மட்டும் அனுப்பினேன். வயிறு எரியட்டும்.

நாள் 238, 14:20
அழுத்தம் குறைகிறது. வடிந்த தண்ணீர் தரையும் சுவரும் சேரும் இடுக்கில் இறங்கி, வெளிக்குளிரில் உறைந்து, உப்பி, இணைப்பைப் பிளந்துவிட்டது. ஈரத்தில் பசை ஒட்டவில்லை.

14:55
மூன்று பாத்திகளைப் பிய்த்துப் பலகையால் அடைத்தேன். கசிவு நிற்கவில்லை. விண்வெளி அங்கியில் நான்கு மணி நேரக் காற்று. என்னைப் பார்த்தால் எனக்கே இளக்காரமாக இருக்கிறது.

15:30
அந்தச் செய்தியின் மீதியைக் கேட்டேன். இங்கே வருகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.
"...தண்ணி சுவரோர இடுக்குல இறங்கிச்சுன்னா ஐஸாகிப் பொளந்துரும். நான் போட்ட தரை, அதான் சொல்லுதேன். ஓட்டையைப் பக்கப் பலகையில போட்டு, கீழ தட்டு வைங்க. வேரும் அழுகாது. எங்க வீட்டு மொட்டைமாடியில பன்னெண்டு பாத்தி அப்படித்தான் வச்சிருக்கேன். வேற ஒண்ணுமில்ல. முழுசா கேட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா."