ஓரத்தில் நின்ற அம்மாவுக்கு

கண்ணுக்குள்ளேயே நான் வைத்திருக்கும் அம்மாவுக்கு,

நீ கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பூப் போட்ட சினிமா வீடியோ கேசட்டாக வந்துவிட்டது. இளவரசியும் படகோட்டியும் காதலிக்கிற அந்த ராஜா காலத்துப் படம்தான். பாலக்கரை கேசட் கடையில் போஸ்டரைப் பார்த்தேன். உள்ளே போய்க் கேட்கக் கூச்சம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காதான் போய், ஞாயிற்றுக்கிழமைக்கு வீடியோ டெக்கும் டி.வி.யும் வாடகைக்குச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

நான் ஏழாவதோடு ஸ்கூலை விட்டுவிட்டேன், அம்மா. செயற்கை வைரப் பட்டறையில் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறேன். சாயந்திரம் ஆனால் கண் எரிகிறது. வீட்டுக்கு வந்து உலை வைத்து, சாப்பாடு போட்டு உட்காரும்போது யாரோடும் பேசக்கூடத் தோன்றுவதில்லை.

ஆனாலும் இந்தக் கேசட்டுக்காகக் காத்திருந்தேன். நீ கண்ணை மூடியபோது தங்கச்சி செல்வி தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு உன் முகம் தெரியாது. வெள்ளம் வந்த வருஷம் நனைந்த உங்கள் கல்யாணப் போட்டோவில் இப்போது கறைதான் இருக்கிறது. "அம்மா எப்படிக்கா இருப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மூக்கு இப்படி, நெற்றி இப்படி என்று வாயால் சொன்னால் முகம் வந்துவிடுமா?

கேசட் என்றால் படத்தை நிறுத்தி வைத்துப் பார்க்கலாமாம். "எங்கம்மா டி.வி.ல வரப்போறாங்கன்னு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்க்கா" என்றாள் செல்வி.

ஞாயிறு மத்தியானம் தெருவே நம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. காவிரிக் கரையில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்து மணலில் எடுத்த காட்சி வந்தது. இளவரசி படகிலிருந்து இறங்குகிறாள். பெண்கள் வரிசையாக நின்று பூப் போடுகிறார்கள். தியேட்டரில் நீ எனக்குக் காட்டியபோது இடது பக்கம் கடைசியில் நின்றிருந்தாய். டி.வி.யில் உனக்கு முந்தின பெண்ணோடு திரை முடிந்துவிட்டது; நீ தெரியவில்லை.

டெக்கைக் கொண்டுவந்து ஓட்டிய கேசட் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சினிமாஸ்கோப் படம்க்கா. டி.வி.யில அடங்காது. ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டுத்தான் கேசட்டுல ஏத்துவாங்க."

"நல்லா வெட்டினீங்க போங்க" என்றார்கள் ஸ்டெல்லா அக்கா. "புதுப் புடவையில முந்தானையை வெட்டிட்டுக் குடுத்த மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து போய்ப் படுத்துவிடலாம் போல இருந்தது.

அப்போது வாசற்படியில் இருந்த அப்பா, "கொஞ்சம் பின்னால ஓட்டுங்க தம்பி" என்றார். "ம், அங்க நிறுத்துங்க."

கோடு கோடாக நடுங்கிக்கொண்டு படம் நின்றது. ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. முழங்கை வரைக்கும்தான்.

"அதான் அவ. மத்தவங்க எல்லாம் சோத்தாங்கையால போடுறாங்க, அது மட்டும் பீச்சாங்கை, பாருங்க. 'பீச்சாங்கைக்காரியை ஓரமா நிறுத்துங்கய்யா'ன்னு டைரக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு நாள் எங்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. நானா நிறுத்துனேன்?"

அப்பா உன்னைப் பற்றி இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று.

செல்வி டி.வி.க்குப் பக்கத்தில் போய், கண்ணாடி மேல் உன் கையோடு தன் கையை வைத்தாள். அதுவும் இடது கை. உனக்குத் தெரியாதே அம்மா, அவளும் உன்னைப் போலத்தான். டீச்சர் அந்தக் கையில் ஸ்கேலால் அடித்து, மாற்றி எழுதச் சொல்கிறார். விரல் சிவந்து வீட்டுக்கு வருவாள்.

"நான் அம்மா மாதிரியாக்கா?" என்றாள்.

"ஆமா" என்றேன். இதை அவளிடம் சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை? மூக்கையும் நெற்றியையும் பற்றியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாளைக்குப் பட்டறையில் அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன். அந்த ஸ்கூல் வாசலை மிதிக்கவே எனக்குக் கூச்சம். டீச்சர் முன்னால் நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். பரவாயில்லை. "எங்க அம்மாவும் இப்படித்தான் டீச்சர், அவளை அந்தக் கையாலயே எழுத விடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். சத்தியம்.

உன் பெரிய பொண்ணு,
செல்விக்கு அக்கா,
லட்சுமி