இடுக்கியில் ஒட்டியிருந்த முள்

யோவ் மொட்டை,

இன்று காலையில் சோற்றுப் பானையை இறக்க இடுக்கியை எடுத்தேன். சுருக்கென்று கட்டைவிரலில் ஏறியது. பார்த்தால் கள்ளி முள். எத்தனை தடவை கத்தியிருப்பேன், "சோறு இறக்கற இடுக்கிய முள்ளு புடிக்க எடுத்துக்கினு போறியே, அறிவு கீதா உனக்கு?" என்று. திருப்பதியில் முடி கொடுத்துவிட்டு அப்படியே என்னைப் பெண் பார்க்க வந்தவன் நீ. அன்றைக்கு வைத்த பேர், தலை நிறைய முடி வளர்ந்தும் போகவில்லை.

முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். அஞ்சாவது வரை படித்த எழுத்து, கோணலாகத்தான் இருக்கும்.

உன் கள்ளித் தோட்டமே என் வாயால் வந்தது. தண்ணிக்கு ஊரே அலைந்த வருஷம். குப்பத்துக்கு லாரி எப்போது வரும் என்று நாங்கள் குடத்தோடு நிற்போம். நீ தோட்ட வேலை பார்த்த அடையாறு பங்களாவில் புல்லுக்கு ட்யூப் பிடித்துவிட்டு வருவாய். ஒருநாள் கேட்டேவிட்டேன். "நாங்க ரெண்டு கொடத்துக்கு முடியப் புடிச்சு அடிச்சுக்கினு கீறோம். நீ புல்லுக்கு ஊத்திட்டு வர்ற. அந்தப் புல்லு இன்னா, உன் மாமியாரா?"

நீ சிரிக்கவில்லை. மறுநாளே பங்களா அம்மாவிடம் போய்ப் புல்லைப் பேர்த்துவிடலாம் என்றாய். கேபிள் டிவியில் எங்கோ பாலைவனத்துத் தோட்டம் பார்த்திருந்தாயாம்.

"வெயிலுக்கு மட்டும் போட்டா பத்தாதுடி, ஐப்பசி மழைக்கும் சேத்துப் போடணும்" என்றாய். அடியில் செங்கல் துண்டும் உடைந்த ஓடும், மேலே ஆற்று மணல். முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, மழைத் தண்ணி நிற்காமல் ஓட கேட் பக்கம் சரித்துவிட்டாய். செங்கல் சுமந்தது நான். மதிலோரம் ஆள் உயரத் தூண் கள்ளி, முன்னால் சப்பாத்திக்கள்ளி, காலடியில் கற்றாழை. நடுவில் வெறும் கூழாங்கல்.

"இங்க ஏன்யா காலியா விட்ட?"

"ஒண்ணையொண்ணு இடிக்காம நிக்கணும்டி. நம்ம வூடு மாதிரியா?"

பங்களா அம்மா பார்த்துவிட்டு, "என்னப்பா, சுடுகாடு மாதிரி இருக்கே" என்றார். "சுடுகாட்டுல பூ பூக்குமாம்மா? இது பூக்கும் பாருங்க" என்றாய். பூத்தது. சித்திரை வெயிலில் தெருச் செடியெல்லாம் தலை தொங்கி நிற்க, உன் சப்பாத்திக்கள்ளி மஞ்சளாகப் பூத்தது.

அப்புறம் உனக்குக் கிட்னி கெட்டது. தண்ணியை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கடைசி நாள் மத்தியானம், "ஒரு வாய் குடுடி" என்று கேட்டாய். நான் சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். சாயங்காலம் நீ இல்லை.

காரியம் முடிந்ததும் உன் வேலையை நானே கேட்டு வாங்கினேன். தினமும் உன் செடிகளுக்குப் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினேன். ஏன் ஊற்றினேன் என்று உனக்கா சொல்ல வேண்டும்? மாதம் திரும்புவதற்குள் தூண் கள்ளி அடியில் கறுத்துக் கூழானது. ஒரே நாற்றம்.

பங்களா அம்மா வந்து நின்றார். "இப்போ போர் போட்டாச்சு, தண்ணி நன்னா வருது. முள்ளுச் செடி வாசல்ல இருந்தா பொண்ணுக்கு வரன் தட்டிப்போறதுன்னு எல்லாரும் சொல்றா. மொத்தத்தையும் எடுத்துட்டுப் புல்லே போட்டுடு."

"செடி மேல தப்பு இல்லம்மா. ஊத்திக் கெடுத்தது நானு. நல்ல பாதிய அறுத்து நடறேன். வேர் புடிக்கலன்னா நானே எல்லாத்தையும் பேத்துடறேன். புடிச்சுதுன்னா யாரும் கை வெக்கக் கூடாது. புல்லுக்கு ஊத்தணும்னா வேற ஆள் பாத்துக்கங்க."

"உனக்கு இவ்ளோ வாயா?"

"அவரு இருந்த வரைக்கும் அவருகிட்டயே செலவாயிடுச்சும்மா."

அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றார்.

பச்சை சதை தெரியும் வரை அழுகலை அறுத்தேன். மிஞ்சியது ஒரு முழம். "அறுத்த வாய் காயணும், அப்புறந்தான் மண்ணு" என்பாயே, அதுபோல நிழலில் பத்து நாள் போட்டு வைத்துத்தான் நட்டேன். அப்புறம் ஊற்றாமல் இருந்ததுதான் பெரிய வேலை. கை பரபரக்கும். பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன்.

நேற்று, வேர் பிடித்ததா என்று, அந்த அம்மா பார்க்க, இந்த இடுக்கியால் கள்ளியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். மண் வெடித்தது, அது அசையவில்லை. அம்மா உள்ளே போய்விட்டார். முள் ஆகாது என்று ஊரே வந்து சொல்லட்டும். நான் இருக்கிற வரைக்கும் உன் மேடு இருக்கும். இந்த இடுக்கியும் சோற்றுக்கும் முள்ளுக்கும் சேர்த்துத்தான் இருக்கும்.

உன் செடிக்கு ஊற்றாமல் நிற்க இப்போது பழகிவிட்டேன். அது பிழைத்தும் விட்டது. உனக்கும் அப்படித்தானே கொடுக்காமல் நின்றேன். போகத்தான் போகிறாய் என்று தெரிந்திருந்தால், அந்த ஒரு வாயைக் கொடுத்திருக்கணுமாய்யா?