எழுதியவர் தெரியவில்லை

தன் பழைய டைரியில் குறித்து வைத்திருந்த ஒரு காதல் வரியை அச்சடித்து, சட்டம் போட்டு, கல்யாண நாள் பரிசாகக் கூடத்தில் மாட்டியிருந்தார் மீனாட்சிசுந்தரம்.

‘நீங்கள் வராத நாளிலும் உங்களுக்கும் சேர்த்தே உலை வைக்கிறேன்.’ கீழே, ‘எழுதியவர் தெரியவில்லை.’

மறுநாள் காலை, அவர் வேலைக்குப் போனபின், மனைவி உமையாள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

“கிள்ளான்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை வரேன். கேஸ்காரர் வந்தா காலி சிலிண்டர் தோங்கைக் குடுங்க. குழம்பு மட்டும் வச்சிருக்கேன்.”

சாவியை எடுத்தவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

“அந்த வரி எந்தப் புத்தகத்துலயும் இல்லைங்க. நீங்க பந்திங் ஊர்ல தங்கி வேலை பார்த்தப்ப நான் போட்ட லெட்டர்ல இருந்துச்சு. சட்டத்தைக் கழட்ட வேணாம். இன்னைக்கு நீங்க உலை வைங்க. எனக்கும் சேர்த்து.”